டைம்ஸ் விலை கொடுத்து வாங்கிய கடிதம்: பார்னெல் விவகாரம்

1887 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. லண்டன் டைம்ஸ் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறான ஒரு காரியம் செய்தது. முன்பக்கம் முழுக்க விளம்பரம், உள்ளே படம் கிடையாது, பொடி எழுத்தில் பத்தி பத்தியாகச் செய்தி, இதுதான் அந்தப் பத்திரிகையின் லட்சணம். மற்ற நாளிதழ்கள் ஒரு பென்னிக்கு விற்ற காலத்தில் அது மூன்று பென்னி. அந்த விலைக்கும் ஆள் இருந்தது, ஏனென்றால் டைம்ஸில் வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்று நினைத்த ஒரு பெரிய கூட்டம் இங்கிலாந்தில் இருந்தது. அப்பேர்ப்பட்ட பத்திரிகை ஒரு கடிதத்தை, கையெழுத்தும் கையொப்பமுமாக, அப்படியே படியெடுத்து அச்சிட்டது.

கடிதத்தின் தேதி 1882 மே 15, அயர்லாந்து அரசின் பெரிய பதவியில் இருந்த கேவண்டிஷ், பர்க் என்ற இருவர் டப்ளினில் கொலையாகி ஒன்பது நாள் கழித்து. சாரம் இதுதான்: கொலைகளைக் கண்டித்துப் பேசுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை, பிரபு கேவண்டிஷ் செத்தது ஒரு விபத்து, அதற்காக வருந்துகிறேன், ஆனால் பர்க்குக்குக் கிடைத்தது அவருக்குத் தகுந்ததுதான், இதை நம்பகமானவர்களிடம் காட்டலாம், என் முகவரி மட்டும் வெளியே தெரியக்கூடாது. கீழே கையொப்பம்: சார்லஸ் ஸ்டுவர்ட் பார்னெல்.

பார்னெல் அப்போது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்துக் கட்சியின் தலைவர். 86 உறுப்பினர்கள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அயர்லாந்துக்குச் சுயாட்சி வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை ஏற்று லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் 1886ல் மசோதாவே கொண்டுவந்தார், அது தோற்றது, லிபரல் கட்சி இரண்டாக உடைந்தது, ஆட்சியும் போனது. நம்ம ஊரில் 1916ல் அன்னி பெசன்ட் அடையாறிலிருந்து தொடங்கினாரே ஹோம் ரூல் இயக்கம், அந்தப் பெயரே இந்த அயர்லாந்துப் போராட்டத்திலிருந்து வந்ததுதான்.

கடிதம் போலி. அது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். ஒரு மோசடிக்காரன் பெரிய பத்திரிகையை ஏமாற்றினான் என்பதாகத்தான் வழக்கமாக இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் கதையாகப் படுகிறது. ஏமாறுவதற்கு டைம்ஸ் ஐந்தாறு வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் வாசகர்களும்தான்.

முகம் முன்பே வரைந்தாகிவிட்டது

பார்னெல் 1846ல் விக்லோ மாவட்டத்தில் அவண்டேல் என்ற பண்ணை வீட்டில் பிறந்தவர். ப்ராட்டஸ்டன்ட், நிலச்சுவான்தார், கேம்பிரிட்ஜில் படித்தவர், அம்மா அமெரிக்கர். கத்தோலிக்கக் குத்தகை விவசாயிகளின் தலைவராக இப்படி ஒரு ஆள் வந்தது லண்டன் பத்திரிகைகளுக்குக் குழப்பமாக இருந்தது. அயர்லாந்துக்காரன் என்றால் குடித்துவிட்டுச் சத்தம் போடுவான், அழுவான், பாடுவான் என்று ஒரு உருவத்தைப் பல காலமாக வைத்திருந்தார்கள். இவரோ அதிகம் பேசமாட்டார், சிரிக்கமாட்டார், பேச்சிலும் ஆங்கிலக் கனவானின் உச்சரிப்பு. 1877 வாக்கில் நாடாளுமன்ற விதிகளையே ஆயுதமாக்கி விடிய விடிய அவையை முடக்கியவர். குடிகார அயர்லாந்துக்காரன் சட்டை இவருக்குப் பொருந்தவில்லை, அதனால் வேறொன்று தைத்தார்கள்: தன் கையில் ரத்தம் படாமல் பின்னால் நின்று ஏவிவிடுகிற ஆள்.

1879ல் குத்தகை விவசாயிகளுக்காக நிலக் கழகம் தொடங்கி அவர் அதன் தலைவரானதும் இந்த உருவம் கெட்டிப்பட்டது. குத்தகைக்காரனை வெளியேற்றிவிட்டு அந்த நிலத்தை எடுப்பவனோடு யாரும் பேசாதீர்கள், கொடுக்கல் வாங்கல் வைக்காதீர்கள் என்று 1880 செப்டம்பரில் என்னிஸ் ஊர்க் கூட்டத்தில் பேசினார். சில வாரத்தில் மேயோ மாவட்டத்தில் ஒரு பண்ணை ஏஜெண்டுக்கு அது நடந்தது. அவர் தன் கஷ்டத்தை டைம்ஸுக்குக் கடிதமாக எழுத, லண்டன் பூராவும் அதே பேச்சாயிற்று. அந்த ஏஜெண்டின் பெயர் கேப்டன் பாய்காட். பிறகு அது எல்லா மொழிக்கும் போய்விட்டது.

1882 மே 6. டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் பட்டப்பகலில், அயர்லாந்துக்கான புது அமைச்சராக அன்றுதான் வந்து இறங்கிய பிரெடரிக் கேவண்டிஷையும் நிரந்தரத் துணைச் செயலர் தாமஸ் பர்க்கையும் ஒரு ரகசியக் குழு அறுவை சிகிச்சைக் கத்தியால் குத்திக் கொன்றது. பார்னெல் கில்மைனம் சிறையிலிருந்து வெளியே வந்து நான்கே நாள் ஆகியிருந்தது. ஆடிப்போனார். கொலையைக் கண்டித்து அறிக்கை விட்டார், பதவியை விட்டு விலகவும் தயார் என்று கிளாட்ஸ்டனுக்குச் சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து, மே 20 பஞ்ச் என்ற கேலி இதழில் ஜான் டென்னியலின் முழுப்பக்கக் கேலிச்சித்திரம் வந்தது. ஆலிஸ் கதைக்கு முயலும் பூனையும் வரைந்த அதே டென்னியல். முகமூடி போட்ட ஒரு பூதம், மனிதக் குரங்கின் தாடை, கையில் ரத்தம் சொட்டும் கத்தி. முன்னால் ஒடுங்கி நிற்பது பார்னெல். தான் உண்டாக்கிய அரக்கனைப் பார்த்துத் தானே பயப்படுகிற ஃபிராங்கன்ஸ்டைனாக அவரை வரைந்திருந்தார். 1885ல் இன்னொரு படம்: தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணாக அயர்லாந்து, மேலே சிறகு விரித்து ரத்தம் குடிக்க வரும் வௌவால், அந்த வௌவாலுக்குப் பார்னெலின் முகம். இந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைம்ஸ் அச்சிட்ட கடிதத்தைப் படித்துப் பாருங்கள். புதிதாக என்ன இருக்கிறது? வெளியே கண்டனம், உள்ளே சம்மதம். படத்துக்குக் கீழே எழுத வேண்டிய வாசகம் மாதிரிதான் அந்தக் கடிதம் இருக்கிறது. மோசடிக்காரன் கெட்டிக்காரன், மக்கள் எதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்து எழுதியிருக்கிறான்.

கறுப்புப் பை

அந்த ஆள் ரிச்சர்ட் பிகாட். டப்ளின் பத்திரிகைக்காரர். தீவிரத் தேசியவாதம் பேசும் இரண்டு மூன்று பத்திரிகைகளை நடத்தி, கடனில் மூழ்கி, 1881ல் அவற்றை நிலக் கழகத்துக்கே விற்றவர். அப்புறம் ஆபாசப் படம் விற்பது, தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிப் பணம் கறப்பது என்று பிழைப்பு ஓடியது. அவரைத் தேடி வந்தவர் எட்வர்ட் ஹூஸ்டன் என்ற இளைஞர், சுயாட்சியை எதிர்த்த ஒரு சங்கத்தின் செயலாளர். பார்னெலையும் கொலைகளையும் இணைக்கும் ஆதாரம் கிடைக்குமா என்று கேட்டார். நாளொன்றுக்கு ஒரு பவுன், ஓட்டல் செலவும் பயணச் செலவும் தனி. கரும்பு தின்னக் கூலி கேட்பாரா பிகாட்? லோசான், பாரிஸ், நியூயார்க் என்று சுற்றினார். கடைசியில் பாரிஸில் யாரோ விட்டுப்போன ஒரு கறுப்புப் பையில் கடிதங்கள் அகப்பட்டன என்றார்.

1886 கோடையில் ஹூஸ்டன் டப்ளின் பேராசிரியர் ஒருவரிடம் கடன் வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போனார். ஓட்டல் அறைக்குப் பிகாட் கடிதங்களோடு வந்தார். விற்பவர்கள் கீழே நிற்கிறார்கள், மேலே வரமாட்டார்கள், பணத்தைக் கொடுத்தால் நான் போய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். கடிதங்களுக்கு 500 பவுன், பிகாட்டுக்கு 105. ஹூஸ்டன் எண்ணிக் கொடுத்தார். படியிறங்கிப் போய்க் கீழே யார் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. மொத்த விவகாரமும் அந்த மாடிப்படியில்தான் இருக்கிறது என்று நான் சொல்வேன். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. பார்த்திருந்தால் யாரும் இல்லை என்று தெரிந்திருக்கும், ஆனால் யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை.

கடிதங்களை முதலில் டைம்ஸுக்குக் கொண்டுபோகவில்லை. பால் மால் கெசட்டின் ஆசிரியர் ஸ்டெட்டிடம் போனார், ஸ்டெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பரபரப்புச் செய்திக்குப் பேர்போனவர் அந்த ஸ்டெட், கண்ணியம் மிக்க பத்திரிகைகள் அவரைப் பார்த்து முகம் சுளிக்கும். அவர் தொடாததை டைம்ஸ் தொட்டது.

டைம்ஸ் நிர்வாகி மக்டொனால்டு கையெழுத்து நிபுணரைக் கூப்பிட்டுக் கையொப்பத்தைச் சோதித்தார், அதுவரை சரி. கடிதம் யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் ஹூஸ்டனைக் கேட்கவேயில்லை. உறை எங்கே, யாருக்கு எழுதியது, கடிதத்தின் உடல் ஒரு கையெழுத்திலும் கையொப்பம் இன்னொன்றிலும் ஏன் இருக்கிறது, ஒன்றும் துருவவில்லை. மூலத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்தார்கள் போல. ஆசிரியர் பக்கிள் அப்போது முப்பதைத் தாண்டிச் சில வருடமே ஆனவர், நிர்வாகியின் பேச்சை நம்பினார்.

1887 மார்ச் 7 அன்று ‘பார்னெலியமும் குற்றமும்’ என்ற தொடர் ஆரம்பமானது. எழுதியவர்களின் பெயர் கிடையாது, டைம்ஸில் எப்போதும் கிடையாது. பின்னாளில் லண்டன் போலீஸில் உயர்பதவியில் இருந்த ராபர்ட் ஆண்டர்சன், அந்தத் தொடரில் சில கட்டுரைகளைத் தானே எழுதியதாக 1910ல் ஒப்புக்கொண்டார். அரசாங்கத்தின் உளவுத் தகவலை வைத்திருந்த ஒருவர், எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரைப் பற்றிப் பெயர் போடாமல் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். போலிக் கடிதத்தைவிட எனக்கு இதுதான் பெரிய அசிங்கமாகத் தெரிகிறது, ஆனால் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கடிதம் வெளியிட்ட நாளும் சும்மா வந்ததல்ல. அயர்லாந்தில் அடக்குமுறைச் சட்டம் கொண்டுவரும் மசோதாவின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு அன்றைக்கு இரவு. உறுப்பினர்கள் காலையில் டைம்ஸைப் படித்துவிட்டுத்தான் அவைக்குப் போனார்கள். பார்னெல் சாவகாசமாக வந்தார், சகாக்கள் பத்திரிகையைக் காட்டினார்கள். அந்தக் கையொப்பத்தில் இருந்த ‘எஸ்’ எழுத்தைச் சுட்டி, இப்படி நான் 1878க்குப் பிறகு போட்டதில்லை என்றாராம், அவ்வளவுதான் முதலில் சொன்னது. அவையில் எழுந்து அப்பட்டமான போலி என்றார். பாதிப் பேர் நம்பவில்லை. பிரதமர் சாலிஸ்பரி இரண்டொரு நாளில் கிளாட்ஸ்டனின் கூட்டாளிகளைப் பற்றிப் பேசும்போது இதை எடுத்து வீசினார். உண்மையில்லை என்றால் வழக்குப் போடேன் என்று டைம்ஸ் சவால் விட்டது. லண்டன் ஜூரி அயர்லாந்துக்காரனுக்கு நியாயம் வழங்காது என்று நண்பர்கள் தடுத்தார்கள். அவர் வழக்குப் போடாததையே குற்றத்துக்குச் சாட்சியாக எழுதினார்கள்.

சின்ன ‘ஹெச்’ போடுங்கள்

1888ல் ஓடானல் என்ற பழைய உறுப்பினர் ஒருவர் தன் பாட்டுக்கு டைம்ஸ்மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். அந்த வழக்கில் டைம்ஸ் இன்னும் சில கடிதங்களை வெளியே எடுத்தது. டைம்ஸின் வக்கீல் யார் தெரியுமா, அரசாங்கத்தின் அட்டர்னி ஜெனரல் வெப்ஸ்டர். பார்னெல் நாடாளுமன்றக் குழு விசாரணை கேட்டார். அரசாங்கம் அதற்குப் பதில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேஷக் கமிஷன் அமைத்து, கடிதம் மட்டுமல்ல, மொத்த நில இயக்கத்தையும் சேர்த்து விசாரிக்கச் சொன்னது. 128 அமர்வு. வெளியேற்றப்பட்ட குடியானவர்கள், போலீஸ்காரர்கள், பாதிரியார்கள், அமெரிக்காவில் இருபது வருடத்துக்கு மேல் உளவாளியாக இருந்த லெ காரன் என்று நானூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள். பெரும்பகுதி அலுப்புத் தட்டும் விசாரணை. கடிதத்தைத் தொடாமல் மாதக்கணக்கில் இழுத்தார்கள்.

பார்னெலின் வக்கீல் சர் சார்லஸ் ரஸ்ஸல், அவருக்குத் துணை பிற்காலப் பிரதமர் ஆஸ்குவித். மக்டொனால்டைக் குறுக்கு விசாரணை செய்தது ஆஸ்குவித்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா, இல்லை. ஏன் கேட்கவில்லை, பதில் இல்லை. ஒரே நாளில் ஆஸ்குவித்துக்குப் பேர் வந்துவிட்டது.

1889 பிப்ரவரி 21, பிகாட் கூண்டில். ரஸ்ஸல் எழுந்தார், கேள்வி கேட்கவில்லை, ஒரு தாளை நீட்டினார். சில வார்த்தைகள் எழுதித் தருகிறீர்களா, உட்கார்ந்தே எழுதுங்கள் என்றார். ‘லைவ்லிஹுட்’, ‘லைக்லிஹுட்’, உங்கள் பெயர், ‘பேட்ரிக் ஈகன்’ என்று வரிசையாகச் சொன்னார். தாளை வாங்கப் போகிறவர் மாதிரி வந்து, ஒன்றை மறந்துவிட்டேன், ‘ஹெஸிடன்ஸி’ என்று எழுதுங்கள், சின்ன ‘ஹெச்’ போட்டு, என்றார். ஏதோ அந்த ‘ஹெச்’தான் முக்கியம் என்பதுபோல. பிகாட் கவனமாகச் சின்ன ‘ஹெச்’ போட்டார். நடுவில் ‘ஏ’ (a) வரவேண்டிய இடத்தில் ‘ஈ’ (e) எழுத்தைப் போட்டார்.

டைம்ஸ் வைத்திருந்த இன்னொரு ‘பார்னெல்’ கடிதத்தில், இந்தத் தயக்கத்துக்கு ஒரு முடிவு கட்டுங்கள் என்று வரும் இடத்தில், அதே சொல்லில் அதே பிழை. இதைக் கண்டுபிடித்தது லண்டன் நிபுணர்கள் இல்லை. நிலக் கழகத்தின் பழைய பொருளாளர் ஈகன், அப்போது அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் குடியேறியிருந்தவர், தனக்கு 1881ல் பிகாட் எழுதிய கடிதங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டு அனுப்பியது. சொற்றொடர்களும் அவற்றிலிருந்து உருவியவைதான்.

அதற்குப் பிறகு வந்தது இன்னும் மோசம். தொடர் ஆரம்பிப்பதற்கு மூன்று நாள் முன்னால் பிகாட் டப்ளின் பேராயருக்குக் கடிதம் எழுதி, பார்னெலுக்கு எதிராக ஒரு சதி நடக்கிறது, தடுக்க எனக்கு வழி தெரியும் என்று சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் விற்கப் பார்த்திருக்கிறார். ரஸ்ஸல் அந்தக் கடிதத்தை வரிவரியாக வாசித்து இது என்ன, இது என்ன என்று கேட்கக் கேட்க, நினைவில்லை என்றார். கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதிகளும் சிரித்தார்கள். இதையெல்லாம் டைம்ஸ் தன் பக்கங்களிலேயே பத்தி பத்தியாக அச்சிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை பிகாட் லபூஷேர் என்ற எம்.பி.யின் வீட்டுக்குப் போய், பத்திரிகையாளர் சாலா சாட்சியாக இருக்க, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பார்னெலின் உண்மையான கடிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே வெற்றுத்தாளைப் போட்டு, கையொப்பத்தை வரைந்து எடுத்தாராம். செவ்வாய்க்கிழமை கூண்டுக்குக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. மாட்ரிட்டுக்கு ஓடியிருந்தார், பணம் கேட்டுத் தந்தி அடித்ததில் இடம் தெரிந்தது. மார்ச் 1ஆம் தேதி போலீஸ் வந்து நின்றபோது ஓட்டல் அறையிலேயே சுட்டுக்கொண்டு செத்தார்.

டைம்ஸ் கடிதங்களைத் திரும்பப் பெற்றது. வருத்தம் தெரிவித்தது, அதிலும் கஞ்சத்தனம். பார்னெலுக்கு 5,000 பவுன் நஷ்டஈடு. கமிஷன் செலவோடு பத்திரிகைக்குக் கைவிட்டுப் போனது சுமார் 2 லட்சம் பவுன் என்பார்கள். அந்த அடியிலிருந்து டைம்ஸ் எழவேயில்லை, 1908ல் நார்த்கிளிஃப் பிரபு வாங்கும்வரை நொண்டியடித்தது. கமிஷன் அறிக்கை 1890 பிப்ரவரியில் வந்தபோது கடிதம் போலி என்றது, கூடவே நிலக் கழகத் தலைவர்கள் மிரட்டலைத் தூண்டினார்கள் என்றும் சொன்னது. அதனால் டைம்ஸும் அதன் நண்பர்களும் மொத்தத்தில் நாங்கள் சொன்னது சரிதான் என்று பேசிக்கொள்ள ஒரு இடுக்கு கிடைத்தது.

உண்மையை வைத்து அடித்தபோது

1889ல் பார்னெல் அவைக்குள் எழுந்தபோது கிளாட்ஸ்டன் உட்பட எதிர்க்கட்சி வரிசை முழுவதும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. சாமானிய லிபரல் வாசகனுக்குப் பார்னெல் பழி சுமந்த உத்தமர் ஆகிவிட்டார். அந்த உருவமும் பத்திரிகைகள் வரைந்ததுதான், அதுவும் மிகைதான். அந்த டிசம்பரிலேயே கேப்டன் ஓஷே விவாகரத்து வழக்குப் போட்டார், தன் மனைவி கேத்தரினும் பார்னெலும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று. உண்மை. ஏறக்குறைய பத்து வருட உறவு, குழந்தைகளும் உண்டு.

லண்டன் பத்திரிகையுலகத்துக்கு இது தெரியாதா? 1886 மே மாதம் எல்தம் பக்கத்தில் பார்னெலின் குதிரை வண்டி காய்கறி வண்டியோடு மோதியது, பால் மால் கெசட் அதை வைத்து அவருடைய புறநகர் ஒதுக்கிடம் பற்றி நமட்டுச் சிரிப்போடு ஒரு துணுக்குப் போட்டது. எல்தமில் இருந்தது கேத்தரின் வீடு என்று விவரம் தெரிந்தவர்களுக்குப் புரிந்தது. நாலு வருடம் காதும் காதும் வைத்தாற்போல் இருந்துவிட்டு, கோர்ட்டில் வந்த பிறகு இப்போதுதான் கேள்விப்பட்டவர்கள் மாதிரி அதிர்ச்சி அடைந்தார்கள்.

1890 நவம்பர் விசாரணையில் பார்னெல் எதிர்வாதமே செய்யவில்லை. ஓஷே வீட்டுச் சமையற்காரி, ஓஷே வாசலுக்கு வந்ததும் பார்னெல் மாடி பால்கனியிலிருந்து தீயணைப்புக் கயிற்றேணி வழியாக இறங்கி, சற்று நேரத்தில் முன்வாசல் மணியை அடித்து விருந்தாளிபோல் வந்தார் என்று சாட்சி சொன்னார். யாரும் குறுக்கு விசாரணை செய்யாத சாட்சியம். அந்தக் கயிற்றேணி போதும் பத்திரிகைகளுக்கு. கேலிச்சித்திரம், பாட்டு, சிலேடை எல்லாவற்றிலும் ஏணி. கொலைக்கு உடந்தை என்று எழுதிச் சாய்க்க முடியாதவரை ஏணியைக் காட்டிச் சிரித்துச் சாய்த்தார்கள்.

அதில் கவனிக்க வேண்டியது யார் முன்னால் நின்றார்கள் என்பது. டைம்ஸ் மகிழ்ந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் விரட்டியடித்தது பார்னெலுக்கு நேற்றுவரை தோள்கொடுத்த பக்கம். போலிக் கடிதத்தைத் தொடாத ஸ்டெட் ஒழுக்கத்தின் பேரால் அவரைத் துரத்தினார். மெதடிஸ்ட் டைம்ஸ் என்ற மதப் பத்திரிகையின் ஹியூ பிரைஸ் ஹியூஸ் விடாமல் எழுதினார். லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போடும் தேவாலயக் கூட்டம் முழுக்க இவர்களைப் படிக்கிறது. கிளாட்ஸ்டன் கைவிட்டார், அவர் கடிதம் பத்திரிகைகளுக்குப் போனது, டிசம்பர் முதல் வாரத்தில் நாடாளுமன்றத்தின் 15ஆம் எண் அறையில் அயர்லாந்துக் கட்சி உடைந்தது. பெரும்பான்மை வெளியேற, பார்னெலோடு நின்றவர்கள் 28 பேர்.

சண்டை அப்புறம் டப்ளினுக்குப் போனது, அங்கேயும் பத்திரிகைகளை வைத்துத்தான். யுனைட்டெட் அயர்லாந்து பத்திரிகையின் அலுவலகத்தை எதிர்த்தரப்பிடமிருந்து மீட்கப் பார்னெலே கடப்பாரையோடு போய்க் கதவை உடைத்தார். அவருடைய முன்னாள் செயலர் டிம் ஹீலி நேஷனல் பிரஸ் என்ற புதுப் பத்திரிகையில், கட்சி நிதியைத் தின்ற திருடன் என்று தலையங்கம் எழுதினார், லண்டன் டைம்ஸ்கூட அப்படி எழுதியதில்லை. அதுவரை ஆதரித்த ஃப்ரீமன்ஸ் ஜர்னலும் 1891ல் கட்சி மாறியது. தனக்கென்று ஒரு நாளிதழ் வேண்டும் என்று பார்னெல் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அக்டோபர் 6 அன்று பிரைட்டனை அடுத்த ஹோவ் ஊரில் 45 வயதில் இறந்துபோனார், ஐரிஷ் டெய்லி இண்டிபெண்டெண்ட் டிசம்பரில்தான் வெளிவந்தது. அதுவும் நஷ்டத்தில் ஓடி, பத்து வருடத்துக்குள் ஹீலியின் நெருங்கிய கூட்டாளி வில்லியம் மார்ட்டின் மர்ஃபியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.